வகுப்பறைக் கருவிகளும் ஆசிரியரும்: மணற்பரப்பு முதல் கணினித் திரை வரை

1. முன்னுரை

பெங்களூருவிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் மின்னணு நகரத்தைக் கடந்ததும் வருவது பொம்மசந்திரா. ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்த இவ்வூர் தொழிற்பேட்டையாக வளர்ந்தது; 2025 ஆகஸ்டு முதல் மெட்ரோ தொடர்வண்டியின் மஞ்சள் தடத்திற்கு இறுதி நிலையமாகவும் உள்ளது. இங்கிருந்து தெற்கே அத்திப்பள்ளியைத் தாண்டினால் தமிழக எல்லை. கன்னடம், தெலுங்கு, தமிழ் ஆகிய மூன்று மொழிகளையும் இங்கே ஒரே தெருவில் கேட்கலாம். வீட்டில் ஒரு மொழியும் வகுப்பறையில் வேறொரு மொழியும் பேசும் குழந்தைகள் இங்குப் பலர்.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதிப் பள்ளி ஒன்றில் நடைபெற்ற ஆசிரியர் பயிற்சியைக் காணும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த தொடுதிரைப் பலகையை இயக்கிக் காட்டுவதே பயிற்சியின் நோக்கம். இரண்டாம் நாள் மாலையில், தமிழ் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் எழுந்து, "இதில் ழகரத்தை எந்த விசையில் தேடுவது?" என்று கேட்டார். பயிற்றுநரிடம் விடை இல்லை. ஆயினும் பயிற்சி பற்றிய அறிக்கையில், "ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது" என்னும் தொடர் பிழையின்றி இடம்பெற்றது.

இத்தொடர் மொழியியலார் நோக்கத்தக்கது. இதில் எழுவாய் 'பயிற்சி'. வினை செயப்பாட்டு வினை. அளித்தவர் யார் என்பது தொடரில் இல்லை. ஆசிரியர் நான்காம் வேற்றுமை ஏற்று, பெற்றுக்கொள்பவராக மட்டும் நிற்கிறார். கல்வித் தொழில்நுட்பம் பற்றிய அரசாணைகள், திட்ட அறிக்கைகள், செய்திக் குறிப்புகள் ஆகியவற்றில் இத்தொடரமைப்பே பெரிதும் பயில்கிறது. இது வெறும் நடை வழக்கன்று. கருவிகள் வகுப்பறைக்குள் வந்த வரலாற்றின் சுருக்கமே இத்தொடர் என்பது இக்கட்டுரையின் கருத்து. தென்னிந்திய வகுப்பறை தன் கருவியைத் தானே ஆக்கிக்கொண்ட காலம் தொட்டு, கருவி வெளியிலிருந்து வழங்கப்படும் காலம் வரை, ஆசிரியரின் இடம் எவ்வாறு மாறியது என்பதை இக்கட்டுரை சில நிகழ்வுகளின் வழி ஆராய்கிறது.

2. மணலும் விரலும்

1623-ஆம் ஆண்டு இத்தாலியப் பயணி பியட்ரோ டெல்லா வாலே, கெளதி நாயக்கர்களின் தலைநகரான இக்கேரிக்கு வந்தார். இவ்வூர் இன்றைய கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் உள்ளது. அங்கே ஒரு கோயில் முகப்பில் நான்கு சிறுவர்கள் எண்கணிதம் பயின்றதைக் கண்டு அவர் தம் கடிதத்தில் விரிவாக எழுதியுள்ளார். ஒருவன் பாடத்தின் ஒரு பகுதியை இசையுடன் சொல்லியவாறே, தரையில் பரப்பிய மெல்லிய மணலில் விரலால் எழுதுவான். பிறர் அதையே பாடி எழுதுவர். தரை நிரம்பியதும் அழித்துவிட்டு மீண்டும் மணல் தூவுவர். ஆசிரியர் அருகில் இல்லையே, தவறினால் யார் திருத்துவர் என்று அவர் வினவினார். நால்வரும் ஒரே இடத்தில் தவற மாட்டார்கள், ஒருவன் தவறினால் மற்றவர் திருத்துவர் என்று சிறுவர்கள் விடை கூறினர்.

இக்குறிப்பில் மூன்று கூறுகளைப் பிரித்துக் காணலாம். மணல் என்னும் செலவில்லாக் கருவி ஒன்று. எழுதும் கையும் ஒலிக்கும் வாயும் ஒருங்கே இயங்கும் முறை இரண்டாவது. கற்றவன் கல்லாதவனுக்குத் துணையாகும் ஏற்பாடு மூன்றாவது. தமிழகத்துத் திண்ணைப் பள்ளிகளிலும் இம்மூன்றும் இருந்தன. குழந்தை மணலில் எழுத்தை வரையும்போதே அதன் பெயரை உரக்கச் சொல்லும். மணலில் கை பழகிய பின்னரே ஓலையும் எழுத்தாணியும் அதன் கைக்கு வரும். முன்னேறிய மாணவன் சட்டாம்பிள்ளையாக இருந்து இளையோரை நடத்துவான்.

உயிர்மெய்யெழுத்துகளைக் கொண்ட நம் எழுத்து முறைக்கு இது மிகவும் பொருந்தியது. ககரத்தை வரைந்து, பின்னர்க் கால், கொம்பு, கொக்கி முதலியவற்றைச் சேர்க்கும்போது ஒலி மாறுவதைக் குழந்தை கண், கை, செவி மூன்றாலும் உணர்கிறது. தவற்றை அழிக்க உள்ளங்கை போதும். அழித்ததற்குச் சுவடும் இல்லை. இக்கருவியை எவரும் ஆசிரியருக்கு வழங்கவில்லை. எப்போது மணலிலிருந்து ஓலைக்கு மாற்றுவது என்பதை அவரே முடிவு செய்தார். இலக்கண வழியில் கூறின், அன்று ஆசிரியர் எழுவாய். மணல் கருவிப்பொருளில் வரும் மூன்றாம் வேற்றுமை.

அக்காலக் கருவிகளின் பெயர்களும் இதற்குச் சான்றாகும். சிலேட்டில் எழுதும் மென்கல் தமிழில் பலப்பம், கன்னடத்தில் பளப, தெலுங்கில் பலபமு எனப்படும். எல்லைப்புறத்து வகுப்பறைகளில் ஆசிரியர் எம்மொழியினராயினும் இச்சொல்லை விளக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. கருவி உள்ளிருந்து தோன்றும்போது அதன் பெயரும் உள்ளிருந்தே தோன்றுகிறது.

3. எழும்பூர் நிகழ்ச்சி

ஸ்காட்லாந்தின் செயிண்ட் ஆண்ட்ரூஸ் நகரில் 1753-இல் பிறந்த ஆண்ட்ரூ பெல் 1787-இல் சென்னைக்கு வந்தார். 1789-இல் எழும்பூரில் படைவீரர்களின் ஆண் குழந்தைகளுக்கென அமைந்த காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். ஒரு நாள் காலை குதிரையில் சென்றபோது, 'மலபார்ப் பள்ளி' ஒன்றில் குழந்தைகள் தரையில் அமர்ந்து மணலில் விரலால் எழுதியதைக் கண்டார். அக்கால ஐரோப்பியர் தமிழரையும் தமிழையும் 'மலபார்' என்று சுட்டியது மொழி வரலாறு பயில்வோர் அறிந்ததே. ஆகவே பெல் கண்டது சென்னைப் பகுதித் திண்ணைப் பள்ளியே எனக் கொள்ளலாம்.

பள்ளிக்குத் திரும்பிய பெல், கடைசி வகுப்புக்கு எழுத்துகளை மணலில் கற்பிக்குமாறு அங்கிருந்த உதவி ஆசிரியரிடம் கூறினார். அவ்வாறு கற்பித்தல் இயலாது என்பது ஆசிரியரின் மறுமொழி. பெல் அவருடன் மேலும் வாதிடவில்லை. படைவீரர் ஒருவரின் மகனான ஜான் பிரிஸ்கன் என்னும் எட்டு வயதுச் சிறுவனை அழைத்து, அவ்வகுப்பை அவனிடம் ஒப்படைத்தார். சிறுவன் வெற்றி பெற்றான். பின்னர்ப் பிற வகுப்புகளும் மாணவர் பொறுப்பில் விடப்பட்டன.

1796-இல் தாயகம் திரும்பிய பெல், மறு ஆண்டு இலண்டனில் தம் கல்விச் சோதனை பற்றிய நூலை வெளியிட்டார். 1798-இல் இலண்டனில் ஏழைச் சிறுவர்க்குப் பள்ளி தொடங்கிய ஜோசப் லங்காஸ்டரும் மணல் மேசையைக் கையாண்டார். 1811-இல் இங்கிலாந்துத் திருச்சபை சார்ந்த தேசியக் கழகம் 'சென்னை முறை' என்னும் பெயரிலேயே பெல்லின் முறையைப் பரப்பியது. 1832-இல் மறைந்த பெல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பொருளால் செயிண்ட் ஆண்ட்ரூஸில் அமைந்த பள்ளி இன்றும் மதராஸ் கல்லூரி என்றே வழங்குகிறது.

தமிழ்நாட்டு வகுப்பறைமுறை உலகெங்கும் பரவியது என்று பெருமையுடன் இவ்வரலாறு கூறப்படுவதுண்டு. அப்பெருமை தகும். ஆனால் நம் பொருளுக்கு முதன்மையானவர் அந்தப் பெயர் அறியப்படாத உதவி ஆசிரியரே. அவர் ஏன் இயலாது என்றார்? சோம்பலா, அச்சமா, அல்லது தாள் மையுடன் கற்பித்துப் பழகிய தமக்கு மணலில் கற்பிக்கும் முறையை யாரும் காட்டவில்லை என்பதா? பெல் அதனை ஆராயவில்லை. திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்துவந்து, அவ்வுதவி ஆசிரியருடன் ஒரு வாரம் அமரச் செய்திருந்தால் விடை வேறாக இருந்திருக்கலாம். கருவியை ஏற்காத ஆசிரியரைக் கடந்து செல்வதே எளிது என்ற முடிவு அன்று எடுக்கப்பட்டது. கருவி வந்தது, ஆசிரியர் விடுபட்டார். பின்வந்த இருநூறாண்டுகளில் இம்முடிவு பலமுறை திரும்ப எடுக்கப்பட்டதைக் காணலாம்.

மற்றொன்றும் கருதத்தக்கது. திண்ணையில் சட்டாம்பிள்ளை ஆசிரியருக்குத் துணை. சென்னை முறையிலோ, மாணவத் தலைவன் ஊதியம் பெறும் ஆசிரியர்களுக்கு மாற்று. ஒரே ஆசிரியர் நூற்றுக்கணக்கானோரை மேற்பார்க்கலாம் என்பதும், செலவு குறையும் என்பதுமே அம்முறைக்கு ஆதரவு தேடித் தந்தன. ஒரு பண்பாட்டிலிருந்து ஒரு கருவியை மொழிபெயர்த்துக் கொண்டுசெல்லும்போது சொல் போகிறது. அதன் தொடர் போவதில்லை.

4. பெல்லாரி அறிக்கை

1822-இல் சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ, நாட்டுப் பள்ளிகளைப் பற்றிய கணக்கெடுப்பு ஒன்றை ஆணையிட்டார். மாவட்ட ஆட்சியர்கள் அனுப்பிய விவரங்களைத் தொகுத்து 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி, மாகாணத்தில் 12,498 பள்ளிகளும் 1,88,650 மாணவர்களும் இருந்தனர். இவ்வறிக்கைகளைத் தரம்பால் 1983-இல் தொகுத்து வெளியிட்டதால் அவை ஆய்வாளர்க்கு எளிதில் கிடைக்கின்றன.

அவற்றுள் பெல்லாரி ஆட்சியர் காம்பெல் 1823-இல் எழுதிய அறிக்கை மொழியியலார்க்குப் பெரிதும் பயன்படுவது. சிக்கனமாக எழுதக் கற்பிக்கும் முறையும், மூத்த மாணவர் இளையோர்க்குக் கற்பிக்கும் முறையும் பாராட்டத்தக்கன என்றும், இங்கிலாந்து அவற்றைப் பின்பற்றியது தகுமென்றும் அவர் எழுதினார். குறைகளையும் அவர் மறைக்கவில்லை. பள்ளிகளில் பயிலும் நூல்களின் இயல்பும், தகுதி வாய்ந்த ஆசிரியர் இன்மையுமே முதன்மைக் குறைகள் என்றார். மாணவர் மனப்பாடம் செய்யும் செய்யுள் நூல்களின் மொழி, அவர்கள் பேசியும் எழுதியும் வரும் உரைநடை மொழியினின்று வேறுபட்டது. ஆதலால் பொருள் விளங்காமலே ஒப்பிக்கின்றனர் என்பது அவர் கண்டது.

காம்பெல்லின் பார்வையில் ஆட்சியாளரின் சாய்வு உண்டு; அதைக் கழித்தே கொள்ள வேண்டும். ஆயினும் இரட்டை வழக்கு மொழிச் சூழலில் கருவி எவ்வளவு சிறந்ததாயினும் பாடமொழி விளங்காவிடில் பயனில்லை என்னும் உண்மையை அவர் அன்றே குறித்துள்ளார். அதைத் தீர்க்க வல்லவர் ஆசிரியரே என்பதும் அவர் கூற்றிலிருந்து பெறப்படும். இதற்கிடையே, இங்கிருந்து சென்ற முறை ஐரோப்பிய முறையாக இந்தியாவிற்கே மீண்டு வந்தது. வங்கத்தின் சின்சுராவில் 1814 முதல் இராபர்ட் மே என்னும் மறைப்பணியாளர் நடத்திய பள்ளிகள் இதற்கு எடுத்துக்காட்டு.

5. வானிலிருந்து வந்த பாடம்

பின்வந்த காலத்தில் சிலேட்டு, கரும்பலகை, அச்சுநூல், வானொலி ஆகியவை அடுத்தடுத்து வகுப்பறைக்குள் வந்தன. கரும்பலகையும் அச்சுநூலும் ஆசிரியரின் கையில் இருந்தமையால் நிலைத்தன. வானொலிப் பாடமோ அவர் நிறுத்தவும் திருப்பவும் இயலாத ஒன்றாக இருந்தது.

ஆசிரியரையே மாணவராக அமரச் செய்த ஓர் ஏற்பாடு இக்காலத்தில் கர்நாடகத்தில் தோன்றியது. 1969-இல் மைசூரில் இந்திய மொழிகளின் நடுவண் நிறுவனம் நிறுவப்பட்டது. அதன் மண்டல மொழி மையங்கள் 1970 முதல் இயங்கத் தொடங்கின. மாநிலங்கள் அனுப்பும் பணியிலுள்ள ஆசிரியர்கள் பத்து மாதம் தங்கி மற்றோர் இந்திய மொழியைப் பயின்றனர். மொழிப் பயிற்சிக்கூடத்தில் ஒலிநாடாவைக் கேட்டுத் தம் உச்சரிப்பைத் தாமே திருத்திக்கொண்ட ஆசிரியர், அக்கருவியின் பயனையும் குறையையும் தம் செவியாலேயே அறிந்தார். இரு நாள் பயிற்சிக்கும் பத்து மாதப் பயிற்சிக்கும் உள்ள வேறுபாடு கால அளவு மட்டுமன்று.

1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை நடந்த செயற்கைக்கோள் வழிக் கல்வித் தொலைக்காட்சிச் சோதனை அளவில் பெரியது. அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியே ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்கு நிகழ்ச்சிகள் சென்றன. கர்நாடகமும் ஆந்திரமும் அவற்றுள் அடங்கும், தமிழகம் இடம்பெறவில்லை. ஒரே படத்துடன் இரண்டு ஒலித்தடங்களை அனுப்பும் வசதி இருந்தமையால், ஒரே காட்சியைத் தெலுங்கிலும் கன்னடத்திலும் கேட்கச் செய்ய முடிந்தது. மொழிபெயர்ப்பாளர்க்கு இது புதிய சிக்கல்: திரையில் கை அசையும் கால அளவிற்குள் இரு மொழித் தொடர்களும் முடிய வேண்டும்.

இச்சோதனையில் அதிகம் பேசப்படாத பகுதி ஆசிரியர் பயிற்சி ஆகும். தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு அறிவியல் கற்பிக்கும் முறை பற்றிய 12 நாள் பயிற்சி இரு சுற்றுகளாக நடந்து, ஏறத்தாழ 50,000 பேரைச் சென்றடைந்தது. தொலைக்காட்சி மட்டும் இதற்குப் போதாது என்பதை அமைப்பாளர்கள் உணர்ந்திருந்தனர். வானொலி, செயல்முறைக் கையேடு, நேரில் வழிகாட்டுவோர் ஆகியவை சேர்ந்தே பயிற்சி அமைந்தது. ஆசிரியர்கள் பார்த்தனர், செய்தனர், கலந்துரையாடினர். எழும்பூரில் செய்யத் தவறியதை இங்கே ஒருவாறு செய்தனர் எனலாம். ஆனால் ஓராண்டு முடிந்ததும் செயற்கைக்கோள் விலகியது. அப்பயிற்சியின் தொடர்ச்சியும் அதனுடன் குன்றியது.

6. கணினியும் எழுத்தும்

1984-இல் நடுவணரசு பள்ளிகளில் கணினி அறிமுகத் திட்டத்தைத் தொடங்கியது. முதற்கட்டத்தில் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் சென்றன. பிரித்தானிய வகுப்பறைகளுக்காக உருவான அக்கணினி ஆங்கிலம் அறிந்தது. ஆகவே தமிழாசிரியருக்கோ கன்னட ஆசிரியருக்கோ கணினி அறையில் இடம் இருக்கவில்லை. கணினி என்பது தனிப் பாடம், தனி அறை, தனி ஆசிரியர் என்னும் பிரிவு அன்று தொடங்கி நெடுங்காலம் நீடித்தது.

1990-களில் தமிழ் எழுத்துருக்கள் பெருகின. ஆனால் ஒவ்வொன்றும் தனக்கெனக் குறியீட்டு முறையைக் கொண்டிருந்தது. ஓர் எழுத்துருவில் ஆசிரியர் இரவெல்லாம் தட்டச்சு செய்த வினாத்தாள், மறுநாள் பள்ளிக் கணினியில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். தட்டச்சுப் பொறி முறை, உரோமன் ஒலிபெயர்ப்பு முறை எனப் பல விசைப்பலகைகள் வழங்கின. ஆசிரியர் கணினியை வெறுக்கிறார் என்று பேசப்பட்ட காலத்தில், அவர் உண்மையில் போராடியது எழுத்துக் குறியீட்டுடன்தான்.

1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட்'99 மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்99 விசைப்பலகையைத் தமிழக அரசு ஏற்றது. இவ்விசைப்பலகை மொழியியல் நோக்கில் தனிச்சிறப்புடையது. உயிரெழுத்துகள் பெரும்பாலும் இடப்புறம்; மெய்கள் பெரும்பாலும் வலப்புறம். மெய் விசையை அழுத்தினால் அகரமேறிய மெய் தோன்றும். உயிர் விசை தொடர்ந்தால் உயிர்மெய் அமையும். ஒரே மெய்யை இருமுறை அழுத்தினால் முன்னதற்குப் புள்ளி தானே வந்துவிடும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே. மெய்ம்மயக்க விதிகளுள் மிகுதியாகப் பயில்வன விசைப்பலகைக்குள் பொதிந்துள்ளன என்பது இதன் பொருள். மணலில் ககரத்துடன் கால் சேர்த்துப் பழகிய கையின் முறையை ஒருவகையில் இது மீட்டுத் தருகிறது. எனினும் ஆசிரியர் கல்விப் பாடத்திட்டத்தில் இதற்கு உரிய இடம் கிட்டவில்லை. ழகரத்தைத் தேடிய ஆசிரியைக்கு விடை அவர் கேட்பதற்கு முன்பே ஆயத்தமாக இருந்தது. அவரிடம் அதை எவரும் சேர்க்கவில்லை.

2001-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட அசீம் பிரேம்ஜி அறக்கட்டளை, கணினி வழிக் கற்றலுக்கெனத் தமிழ் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் குறுந்தகடுகளை உருவாக்கியது. விளையாட்டும் கதையுமாக அமைந்த அவை பல மாநிலப் பள்ளிகளைச் சென்றடைந்தன. பின்னர் அவ்வமைப்பு அம்முயற்சியைக் கைவிட்டு ஆசிரியர் மேம்பாட்டில் கருத்தைச் செலுத்தியது. அதன் பொறுப்பிலிருந்த அனுராக் பேகர், கல்வியில் தகவல் தொழில்நுட்பத்தின் எல்லைகள் குறித்து 2010-இல் செய்தித்தாளில் எழுதினார். கருவி மீதுள்ள கவர்ச்சி உண்மைச் சிக்கல்களிலிருந்து கவனத்தைத் திருப்புகிறது என்பதும், ஆசிரியருக்கு மாற்றாகக் கருவியை நிறுத்துவது தீங்கு என்பதும் அவர் கருத்தின் சாரம். பெருமுயற்சி ஒன்றைச் செய்து பார்த்தவர்களே அதன் எல்லையை வெளிப்படையாகக் கூறியது அரிய நிகழ்வாகும்.

தமிழகத்தில் 2011 செப்டம்பரில் மேனிலை வகுப்பு மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டம் தொடங்கியது. ஏழை மாணவர் கைக்குக் கணினி வந்தது பெரிய சமூக மாற்றமே. ஆனால் மாணவர் வீட்டுக்கு எடுத்துச் சென்ற அக்கருவியை வகுப்பறைப் பாடத்துடன் இணைக்கும் வழியை ஆசிரியரே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. எட்டு வயது பிரிஸ்கனின் நிழல் இங்கும் படிகிறது.

7. ஆசிரியர் எழுவாயாதல்

இவ்வரலாற்றில் வேறு திசையும் உண்டு. கேரளத்தில் 2001-இல் தொடங்கிய பள்ளித் தகவல் தொழில்நுட்பத் திட்டம் ஆசிரியர்களிலிருந்தே முதன்மைப் பயிற்றுநர்களைத் தேர்ந்தது; மலையாளத்தில் இயங்கும் கட்டற்ற மென்பொருளை மேற்கொண்டது. கருவியின் மொழி ஆசிரியரின் மொழியாகவும், பயிற்றுநர் அதே பணியைச் செய்பவராகவும் இருந்தமை அத்திட்டத்தின் வலிமை.

கர்நாடகத்தில் 2011 முதல் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கெனப் பாடவாரி ஆசிரியர் மன்றங்கள் உருவாயின. மாநிலக் கல்வித் துறையுடன் இணைந்து பெங்களூருவின் ஐடி ஃபார் சேஞ்ச் அமைப்பு இதனை நடத்தியது. கணிதம், அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்கள் ஜியோஜீப்ரா போன்ற கட்டற்ற மென்பொருள்களைக் கற்று, தாம் செய்த பாடங்களைத் தம்முள் பகிர்ந்தனர். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் திறந்த பாடவளத் தொகுப்பு ஒன்று இதிலிருந்து எழுந்தது. இங்கே 'வழங்கப்பட்டது' என்னும் வினைக்கு இடமில்லை. ஆசிரியர் செய்தார், ஆசிரியர் திருத்தினார், ஆசிரியர் பகிர்ந்தார். இக்கேரியில் நான்கு சிறுவர் தம்முள் திருத்திக்கொண்ட முறையே இது எனலாம்.

2017 செப்டம்பரில் நடுவணரசு திக்‌ஷா தளத்தைத் தொடங்கியது. அதற்கு அடிப்படையான மென்பொருளை உருவாக்கியது பெங்களூருவின் ஏக்ஸ்டெப் அறக்கட்டளை. தமிழகத்தில் 2018-இல் வெளிவந்த புதிய பாடநூல்களில் விரைவுக் குறியீடுகள் இடம்பெற்றன. அச்சுப் பக்கத்தையும் திரையையும் இணைக்கும் இச்சிறு கட்டத்தை எப்போது திறப்பது, எப்போது மூடி வைப்பது என்பது ஆசிரியரின் தேர்வாக இருக்கும்வரை அது பயனுள்ள கருவி.

2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது இத்தேர்வுரிமையின் அருமை வெளிப்பட்டது. கர்நாடக அரசு அவ்வாண்டு 'வித்யாகம' என்னும் திட்டத்தை மேற்கொண்டது. கருவி எதுவும் இல்லாதோர், எளிய கைப்பேசி உடையோர், இணையத்துடன் கூடிய திறன்பேசி உடையோர் என மாணவர் மூவகையாகப் பிரிக்கப்பட்டனர். ஆசிரியர்கள் குடியிருப்புகளுக்கே சென்று, கோயில் வளாகங்களிலும் மரத்தடிகளிலும் சிறு குழுக்களுக்குக் கற்பித்தனர். தொற்று அச்சத்தால் இடையில் நிறுத்தப்பட்டு 2021 சனவரியில் மீண்டும் தொடங்கிய அத்திட்டத்திற்குக் குறைகள் உண்டு. ஆசிரியர் சுமந்த இடரும் சிறிதன்று. ஆயினும் எக்குழந்தைக்கு எக்கருவி என்னும் வினாவை முதலில் எழுப்பி, அதற்குப் பின் பாடத்தை அமைத்தமை குறிப்பிடத்தக்கது. கருவியற்ற குழந்தைக்கு ஆசிரியரே கருவியானார்.

8. மொழிபெயர்ப்பாளர் பங்கு

வகுப்பறைக் கருவி பெரும்பாலும் பிறமொழியில் ஆக்கப்பட்டு மொழிபெயர்ப்பின் வழியே ஆசிரியரை அடைகிறது. கர்நாடகப் பாடநூற் கழகம் தமிழ், தெலுங்கு, உருது, மராத்தி முதலிய மொழிவழிகளிலும் பாடநூல்களை வெளியிடுகிறது. ஆகவே பொம்மசந்திரா போன்ற எல்லைப் பகுதியின் தமிழாசிரியர் கையில் உள்ள நூலும் கையேடும் மொழிபெயர்ப்பின் வழி வந்தனவாகவே பெரும்பாலும் இருக்கும். இங்கு மூன்று செய்திகள் எண்ணத்தக்கன.

முதலாவது, கலைச்சொல். கணினியைத் தமிழகத்தில் கணினி, கணிப்பொறி என்றும் இலங்கையில் கணனி என்றும் எழுதுகின்றனர். கன்னடத்தில் அது கணக எனவும், மென்பொருள் தந்த்ராம்ச எனவும் வழங்கும். எல்லைப்புற ஆசிரியர் ஒரே நாளில் இருவேறு கலைச்சொல் தொகுதிகளைக் கையாள வேண்டியுள்ளது. அவருக்கென இருமொழி நிரல் ஒன்று கையேட்டின் முதற்பக்கத்திலேயே இருத்தல் வேண்டும்.

இரண்டாவது, தொடரமைப்பு. கையேடுகளின் ஏவல் வினைகள் பெரும்பாலும் கருவியை நோக்கியவை: சொடுக்குக, திறக்க, சேமிக்க. மாணவரை நோக்கிய வினைகளும் ஆசிரியரின் தீர்ப்பை வேண்டும் வினைகளும் அருகியே வருகின்றன. 'இப்படத்தைக் காட்டுமுன் மாணவர் என்ன நினைக்கின்றனர் எனக் கேளுங்கள்', 'விளங்கவில்லையெனில் இங்கே நிறுத்திக் கரும்பலகைக்குச் செல்லுங்கள்' என்பன போன்ற தொடர்கள் மூலத்தில் இல்லையெனில், மொழிபெயர்ப்பாளர் அதனை ஆக்கியோர்க்குச் சுட்டிக்காட்டுதல் கடமையாகும்.

மூன்றாவது, வழக்கு. காம்பெல் 1823-இல் கண்ட இடைவெளி இன்றும் அகலவில்லை. திரையில் ஒலிக்கும் செந்நடைக்கும் குழந்தையின் வீட்டுப் பேச்சுக்கும் இடையில் பாலமாவது ஆசிரியரின் குரலே. ஒலிப்பதிவில் இடைநிறுத்தங்களை அமைத்து அக்குரலுக்கு இடமளிப்பது கடினமன்று.

9. முடிவுரை

மணற்பரப்பிலிருந்து தொடுதிரை வரை விரலால் எழுதும் குழந்தை மாறவில்லை. மாறியது ஆசிரியரின் இடம். கருவியைத் தாமே ஆண்ட நிலையிலிருந்து, கருவியைப் பெற்றுக்கொள்ளும் நிலைக்கு அவர் நகர்த்தப்பட்டார். அவ்வாறு நகர்த்திய ஒவ்வொரு முயற்சியும் கருவியின் புதுமை தேய்ந்ததும் தளர்ந்தது. ஆசிரியரைக் கற்பவராகவும் ஆக்குபவராகவும் கொண்ட முயற்சிகளே வகுப்பறையில் வேரூன்றின. அதற்குக் காலம் வேண்டும். அவர் மொழியில் கருவி வேண்டும். அவரைப் போன்ற மற்றோர் ஆசிரியரின் துணை வேண்டும்.

நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் பொருள்களுள் கொடை முதலாவது. தகவும் அவற்றுள் ஒன்று. 'ஆசிரியருக்குக் கருவி கொடுத்தனர்' என்பது கொடை. 'ஆசிரியருக்குத் தக்கது இக்கருவி' என்பது தகவு. உருபு ஒன்றே, பொருள் வேறு. நம் கல்வித் திட்டங்கள் முதற்பொருளிலேயே நெடுங்காலம் நின்றுவிட்டன. இரண்டாம் பொருளுக்கு வர, ழகரம் எங்கே என்று கேட்ட ஆசிரியைக்கு முதலில் விடை சொல்ல வேண்டும். அவ்விடையை அறிந்தவர்கள் மொழியியலாரும் மொழிபெயர்ப்பாளருமே ஆதலின், அப்பொறுப்பு நம்மையும் சார்ந்ததாகும்.